குளியலறை சிலிகான் ஓரம் பெயர்கிறதா? மறுபடி பூசும் முன் இதைப் படித்துவிடுங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கீழ்வீட்டு அம்மா எங்களை அழைத்துப்போய்த் தன் படுக்கையறைச் சுவரைக் காட்டினார். கூரையை ஒட்டி ஒரு தாம்பாளம் அளவுக்கு ஓதம் ஏறியிருந்தது. பெயின்ட் கொப்பளித்து, தொட்டால் மாவாக உதிர்ந்தது. அதற்கு நேர் மேலேதான் எங்கள் ஷவர் மூலை. சுவரும் தரையும் சேரும் இடுக்கை அடைக்கும் ரப்பர் போன்ற சிலிகான் கோடு அங்கே பெயர்ந்திருந்தது.

அந்த மூலையைச் சரிசெய்ய எனக்கு ஐந்து மாதம் பிடித்தது. இரண்டு முறை செய்த வேலை வீணானது. மூன்றாவது முறை செய்தது இரண்டு வடகிழக்குப் பருவமழைகளைத் தாண்டி நிற்கிறது. புதிதாக ஃபிளாட் வாங்கியவர்களும் வாடகைக்கு வந்தவர்களும் இந்த ஐந்து மாதத்தை இழக்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

முதல் முறை வந்த ஆள் பழைய சிலிகான் மேலேயே புதிதாக ஒரு கோடு இழுத்துவிட்டு 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். பதினோராம் நாள் ஒரு முனை தூக்கியிருந்தது. நகத்தால் நெம்பினேன். முழுக் கோடும் நாடா போல ஒரே இழுப்பில் கையோடு வந்துவிட்டது. திருப்பிப் பார்த்தேன். மேல்பக்கம் கடையில் வாங்கியது போல வெள்ளை வெளேரென்று இருந்தது. அடிப்பக்கம் வழவழவென்று ஈரமாக, கறுப்புப் புள்ளிகளோடு, அழுகிய சோப்பு வாடை அடித்தது. சிலிகான் நன்றாகத்தான் இருந்தது, பிடிதான் போயிருந்தது.

1. தண்ணீர் எங்கே வேலை செய்கிறது

இது தெரிந்தால் பின்னால் வரும் ஒவ்வொரு படியும் ஏன் என்று புரியும்; வேலைக்கு வருபவர் குறுக்குவழி எடுக்கும்போது தடுத்துக் கேட்கவும் முடியும்.

சிலிகான் ரப்பரின் முதுகெலும்பு சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறிமாறிக் கோத்த சங்கிலி. சாதாரணத் தண்ணீர் அதை எளிதில் உடைக்காது. ரப்பர் உறிஞ்சும் தண்ணீரும் மிகக் குறைவு. வெயிலும் அதை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. ஆனால் மற்ற ரப்பர்களைவிட சிலிகான் நீராவியைத் தாராளமாக ஊடுருவ விடும். துளியாகத் தண்ணீர் புகாது. ஆவியாக மெல்ல மெல்லப் போய், சிலிகானும் டைல்ஸும் சந்திக்கும் முகத்தில் தங்கும். அங்கே டைல்ஸின் கண்ணாடி போன்ற மேற்பரப்புக்குச் சிலிகானைவிடத் தண்ணீர்மேல்தான் ஈர்ப்பு அதிகம். பரப்பு அழுக்காகவோ ஈரமாகவோ இருந்தபோது பூசியிருந்தால் பிடி ஆரம்பத்திலேயே மெலிந்தது. தண்ணீர் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு சிலிகானை வெளியே தள்ளிவிடும்.

இதை வேகப்படுத்துபவை நான்கு. ஒன்று வெந்நீர்: கீசர் ஷவர் படும் மூலை மற்ற மூலைகளைவிட முன்பே பெயரும். இரண்டு சோப்பு: அது தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பதால், தலைமுடியளவு இடுக்கிலும் தண்ணீர் நுழைந்துவிடும். மூன்று ஆசிட்: வாரந்தோறும் ஊற்றிக் கழுவும் வழக்கம் சிலிகானையும் அதன் பின்னால் இருக்கும் சிமெண்டையும் சேர்த்தே அரிக்கிறது. நான்கு, பலரும் நினைத்துப் பார்க்காதது: ஈரச் சிமெண்ட். டைல்ஸுக்குப் பின்னால் ஊறிய சிமெண்டிலிருந்து வரும் தண்ணீர் கடுமையான காரத்தன்மை கொண்டது. அமிலத்திலும் காரத்திலும் சிலிகானின் சங்கிலி அறுபடும். வெறும் தண்ணீரில் பல ஆண்டு எடுக்கும் சேதம் அங்கே விரைவில் நடந்துவிடுகிறது.

மலிவான டியூப்களில் இன்னொரு கோளாறும் உண்டு. விலையைக் குறைக்கக் கனிம எண்ணெய் கலப்பார்கள். அந்த எண்ணெய் நாளடைவில் வெளியேறும்போது கோடு சுருங்கி, இறுகி, ஓரத்திலிருந்து தன்னைத்தானே பிய்த்துக்கொள்ளும்.

2. கசிவு அங்கேதானா என்று பாருங்கள்

சிலிகானில் கை வைப்பதற்கு முன் மூன்று நாள் ஒதுக்குங்கள். செலவு இல்லை.

முதல் நாள் அந்தக் குளியலறையைப் பயன்படுத்தாதீர்கள். குழாய்களை மூடி, தரையைத் துடைத்து உலரவிடுங்கள். குளியலறைக்குத் தண்ணீர் வரும் வால்வு மட்டும் திறந்தே இருக்கட்டும், குழாயில் அழுத்தம் இருக்க வேண்டும். கீழே ஓதம் அப்போதும் வளர்ந்தால் சுவருக்குள் ஓடும் குழாய் கசிகிறது. சிலிகான் எத்தனை டியூப் பூசினாலும் தீராது.

இரண்டாம் நாள் தண்ணீர் போகும் ஜாலித் துளையை ஈரத்துணி உருண்டையால் அடைத்து, தரையில் ஓர் அங்குலம் தண்ணீர் கட்டுங்கள். சுவர் விளிம்பில் பென்சிலால் மட்டத்தைக் குறித்துக்கொண்டு 24 மணி நேரம் விட்டுவிடுங்கள். மட்டம் கண்ணுக்குத் தெரியக் குறைந்தாலோ கீழே ஈரம் புதிதாகத் தெரிந்தாலோ தரைக்கு அடியில் உள்ள நீர்த்தடுப்புப் பூச்சு போயிருக்கலாம். அது கொத்தனார் வேலை.

மூன்றாம் நாள் தரையை விட்டுவிட்டு, சுவரும் தரையும் சேரும் ஓரத்தில் மட்டும் கைக்குழாயால் பத்து நிமிடம் தண்ணீர் அடியுங்கள். முதல் இரண்டு நாள் ஒன்றும் நேராமல் இப்போது கசிந்தால் ஓரத்துச் சிலிகானோ டைல்ஸ் இடுக்கில் நிரப்பிய கிரவுட் பூச்சோதான் பெரும்பாலும் காரணம். எங்கள் வீட்டில் அப்படித்தான் இருந்தது.

கூடவே விரல் மடக்கி டைல்ஸைத் தட்டிப் பாருங்கள். கிண்ணென்று கேட்டால் பிடிப்பு இருக்கிறது. பானையைத் தட்டியது போலக் கேட்டால் பின்னால் உள்ள பசை விட்டுவிட்டது. அந்த டைல்ஸை எடுத்து ஒட்டாமல் ஓரம் பூசுவது பணத்தை வீணாக்குவது.

3. காகிதங்கள்: பணம் செலவழிக்கும் முன்

வீட்டுச் சாவியை ஒப்படைத்த தேதி எழுதிய கடிதத்தைத் தேடி எடுங்கள். ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14(3)ஆம் பிரிவு, கட்டட அமைப்பிலோ வேலைத் திறத்திலோ தரத்திலோ குறை இருப்பதை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் தெரிவித்தால், கட்டுநர் 30 நாளுக்குள் கட்டணம் வாங்காமல் சரிசெய்ய வேண்டும் என்கிறது. நான் இதை அறியும்போது எங்கள் வீட்டுக்கு ஐந்து ஆண்டும் நான்கு மாதமும் ஆகியிருந்தன. உங்களுக்கு நாள் மிச்சமிருந்தால் இன்றே எழுதுங்கள். தொலைபேசியில் சொன்னதற்குச் சாட்சி இருக்காது. தேதி தெரியும் புகைப்படங்கள், 24 மணி நேரச் சோதனையின் மட்டக் குறி, கீழ்வீட்டு ஓதத்தின் படம் ஆகியவற்றை இணைத்து மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். பதில் வரும் முன் நீங்களே பழையதைப் பெயர்த்துவிட்டால் குறைக்கான சாட்சியம் போய்விடும்.

வாடகை வீடு என்றால் உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும். செலவை யார் ஏற்பது என்பது அதில் இருக்க வேண்டும்.

குடியிருப்போர் சங்கத்தில் வேலை நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். சுரண்டும் சத்தம் கூடப் புகாராகும்.

கடைசியாக, வாங்கப்போகும் சிலிகானின் தொழில்நுட்பத் தாளைத் தயாரிப்பாளரின் இணையதளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று பக்கம்தான் இருக்கும். இந்தத் தாளே கிடைக்காத டியூபை வாங்க வேண்டாம்.

4. எதை வாங்குவது

கடையில் "சிலிகான் கொடுங்கள்" என்று கேட்டால் வினிகர் வாசனை வரும் அசிட்டிக் வகையைத்தான் எடுத்து நீட்டுவார்கள். அது உறையும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியிடும். கண்ணாடியோடு கண்ணாடியை ஒட்ட அது நன்றாகவே உதவும். ஆனால் மார்பிள், சிமெண்ட், கிரவுட் ஆகியவற்றில் உள்ள சுண்ணாம்போடு அந்த அமிலம் வினைபுரிந்து, ஒட்டும் முகத்திலேயே பொடிப்பொடியான உப்பு அடுக்கை உண்டாக்கும். பித்தளை, செம்பு, கண்ணாடியின் வெள்ளிப்பூச்சு ஆகியவற்றையும் அரிக்கும். என் இரண்டாவது தோல்வி இதுதான். குளியலறைக்கு நியூட்ரல் என்று எழுதியிருக்கும், இந்த அமிலத்தை வெளியிடாத வகையைக் கேளுங்கள். சானிட்டரி என்றும் எழுதியிருந்தால் பூஞ்சைத் தடுப்பு மருந்து சேர்த்திருக்கிறது என்று பொருள். அந்த மருந்து சேர்த்ததை மீன் தொட்டிக்குப் பயன்படுத்தக் கூடாது, மீன்கள் சாகும்.

தொழில்நுட்பத் தாளில் மூன்று வரிகளைத் தேடுங்கள்:

இடுக்கடைப்புப் பூச்சுகளுக்கான சர்வதேசத் தர எண் ஐஎஸ்ஓ 11600 என்று போட்டு 25 என்ற வகுப்பு இருக்க வேண்டும். இணைப்பு 25 சதவீதம் வரை விரிந்தாலும் சுருங்கினாலும் தாங்கும் என்று பொருள்.

கன அளவு இழப்பு 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். நான் சொன்ன எண்ணெய்க் கலப்பு இந்த வரியில்தான் பிடிபடும்.

எப்போதும் தண்ணீருக்குள்ளேயே இருக்கும் இடத்துக்குப் பயன்படுத்தலாமா என்ற வரி. பெரும்பாலான குளியலறைச் சிலிகான்களில் "தொடர்ந்து மூழ்கியிருக்கும் இடத்துக்கு அல்ல" என்றே இருக்கும். ஷவர் ஓரத்துக்கு அது பரவாயில்லை, இடையில் காய்கிறது. தண்ணீர்த் தொட்டிக்கும் சம்ப்புக்கும் அதைப் பூசாதீர்கள்.

காலாவதித் தேதியைக் கட்டாயம் பாருங்கள். மூடிய டியூபின் ஆயுள் பெரும்பாலும் ஓராண்டை ஒட்டியே இருக்கும். நம் ஊர் வெயிலில் கடை வாசலில் அடுக்கி வைத்ததற்கு அதுவும் நிச்சயமில்லை. கடைக்காரரிடம் பில்லில் தொகுதி எண்ணையும் (பேட்ச் நம்பர்) எழுதித் தரச் சொல்லுங்கள். டியூபின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். பிடிக்கவில்லை என்று தயாரிப்பாளரிடம் புகார் செய்தால் முதலில் கேட்பது இந்த இரண்டைத்தான்.

எவ்வளவு தேவை? 300 மில்லி டியூபில் 6 மில்லிமீட்டருக்கு 6 மில்லிமீட்டர் என்ற அளவில் இழுத்தால் சுமார் 8 மீட்டர் வரும். வழியில் வீணாவதைக் கழித்து 7 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் பில்: நியூட்ரல் சானிட்டரி டியூப் இரண்டு 860 ரூபாய், டியூபை அழுத்தும் கன் 240, ஒரு அங்குல மாஸ்கிங் டேப் இரண்டு 90, சுரண்டி, பிளேடு 130, ஐசோபுரோபைல் ஆல்கஹால் அரை லிட்டர் 210. மொத்தம் 1,530. முதல் முறை ஒன்றுக்கும் உதவாத வேலைக்குக் கொடுத்த பணமும் கிட்டத்தட்ட இதேதான்.

5. பழையதை முழுக்க எடுங்கள்

புதுச் சிலிகான் அழுக்கேறிய பழைய சிலிகான்மேல் சரியாக ஒட்டாது. பெயின்ட்கூட அதன்மேல் சரியாக ஒட்டாது. வேலைக்கு வருபவர் "மேலேயே ஒரு கோட்டு அடித்துவிடலாம் சார்" என்றால் அவரை அத்தோடு அனுப்பிவிடுங்கள்.

கோட்டின் இரு ஓரத்திலும் பிளேடால் கீறி, நடுவில் பிடித்து இழுங்கள். மிஞ்சியதைச் சுரண்டுங்கள். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்த பிறகும் ஒரு மெல்லிய படலம் டைல்ஸில் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க விரலை நனைத்து அந்த இடத்தில் தடவுங்கள். தண்ணீர் பரவிப் படிந்தால் சுத்தம். தாமரை இலையில் போல முத்து முத்தாக உருண்டால் சிலிகான் இன்னும் இருக்கிறது. எனக்கு இரண்டரை மீட்டர் ஓரத்துக்கு மூன்று மணி நேரம் ஆனது. அதில் இரண்டு மணி நேரம் இந்தப் படலத்துக்கே போனது.

கறுப்புப் பூஞ்சை இருந்தால் நீர்த்த பிளீச்சைப் பஞ்சில் நனைத்து அரை மணி நேரம் ஓரத்தில் பதித்து வைத்து, நிறையத் தண்ணீரால் கழுவுங்கள். பிளீச்சும் ஆசிட்டும் ஒரே நாளில் ஒரே அறையில் வேண்டாம். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும். மூடிய குளியலறையில் அது உயிருக்கு ஆபத்து.

6. காயவிடுங்கள்

அவசரத்தில் எல்லோரும் தாண்டிப்போகும் படி இது. டைல்ஸ் மேலே காய்ந்தாலும் இடுக்கில் ஊறிய சிமெண்ட் பல நாள் ஈரம் வைத்திருக்கும். 48 மணி நேரம் குறைந்தபட்சம். மேசை மின்விசிறியை மூலையைப் பார்த்து ஓடவிடுங்கள். எங்கள் வீட்டில் நான்கு நாள் ஆனது. ஒரே குளியலறை உள்ள வீடு என்றால் உறவினர் வீடோ ஊர்ப் பயணமோ பார்த்து நாள் குறியுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்த வேலையை எடுக்க வேண்டாம், மூலை காயவே காயாது.

காய்ந்ததா என்று பார்க்க ஒரு பிளாஸ்டிக் தாளை ஓரத்தின்மேல் நாலு பக்கமும் டேப் ஒட்டி இரவு முழுக்க விடுங்கள். காலையில் உள்பக்கம் வியர்த்திருந்தால் இன்னொரு நாள்.

7. பூசுவது

ஆல்கஹாலில் நனைத்த வெள்ளைத் துணியால் ஒரு முறை துடைத்து, உலர்ந்த துணியால் உடனே மறுபடி துடையுங்கள். பத்து நிமிடம் விடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், நியூட்ரல் சிலிகான் உறையும்போது வரும் ஆவியும் சுவாசிக்க நல்லதில்லை.

இடுக்கு ஆழமாக இருந்தால் முதலில் நுரைக்கயிறு ஒன்றை உள்ளே அழுத்துங்கள். ஹார்ட்வேர் கடையில் பேக்கர் ராட் என்று கேட்டால் தருவார்கள். சிலிகான் இரண்டு பக்கச் சுவரில் மட்டும் பிடிக்க வேண்டும். அடியிலும் பிடித்துக்கொண்டால் சுவர் அசையும்போது நீள முடியாமல் நடுவில் கிழியும்.

இடுக்கின் இருபுறமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, டியூபின் மூக்கை (நாசில்) சாய்வாக வெட்டி, நிறுத்தாமல் ஒரே சீராக இழுங்கள். பிறகு விரலால் அழுத்தி ஒரே ஓட்டமாக வழித்துவிடுங்கள். இந்த அழுத்தம் அழகுக்காக மட்டும் இல்லை. சிலிகானை டைல்ஸோடு சேர்ப்பதே இதுதான். சோப்புத் தண்ணீரில் விரலை நனைப்பவர்கள் சிலிகான் இறங்கிய பிறகே நனைக்க வேண்டும். முன்பே ஒரு துளி டைல்ஸில் விழுந்தால் அந்த இடத்தில் பிடிக்காது. மேலே தோல் கட்டுவதற்குள், அதாவது ஐந்து பத்து நிமிடத்துக்குள், டேப்பை உரித்துவிடுங்கள்.

கமோடின் அடியில் பூசும்போது பின்பக்கம் இரண்டு அங்குலம் பூசாமல் விடுவது என் பழக்கம். உள்ளே எப்போதாவது கசிந்தால் அந்த வழியாக வெளியே தெரிந்துவிடும். சுற்றிலும் அடைத்துவிட்டால் தண்ணீர் கீழ்வீட்டுக்குத்தான் போகும்.

8. காத்திருப்பது

சிலிகான் காற்றின் ஈரத்தை எடுத்துக்கொண்டுதான் உறைகிறது. காற்றில் ஈரம் வேண்டும், டைல்ஸில் ஈரம் கூடாது. உறைதல் வெளியிலிருந்து உள்ளே போகும்; ஒரு நாளுக்கு ஏறக்குறைய 2 முதல் 3 மில்லிமீட்டர். 6 மில்லிமீட்டர் கோட்டுக்கு மூன்று நாள். தொட்டால் ஒட்டவில்லை என்பதை நம்பி மறுநாள் குளித்துவிடாதீர்கள். மேல்தோல் மட்டும் உறைந்து, உள்ளே பேஸ்ட்டாக இருக்கும்போது பிடி இன்னும் முழுதாக உருவாகவில்லை. முழு வலிமைக்கு ஏழு நாள் என்று கணக்கு வையுங்கள். வெந்நீர் ஷவரை அதன் பிறகே திறவுங்கள்.

ஆக, எடுக்க ஒரு நாள், காய நான்கு, பூச அரை நாள், உறைய ஏழு. பன்னிரண்டு பதின்மூன்று நாள் அந்த மூலை உங்களுக்கு இல்லை.

9. மற்ற பசைகள்: எதை எங்கே போடக் கூடாது

பெயர்ந்த டைல்ஸை ஒட்ட வெறும் சிமெண்ட்பால் வேண்டாம். டைல்ஸ் பசை மூட்டையில் ஐஎஸ் 15477 என்ற இந்தியத் தர எண்ணும் வகையும் அச்சிட்டிருக்கும். ஐரோப்பியத் தர எண் போட்டிருந்தால் சி2 என்பதைத் தேர்ந்தெடுங்கள். தண்ணீரில் ஊறவைத்துச் சோதித்த பிறகும் சதுர மில்லிமீட்டருக்கு 1 நியூட்டன் பிடி இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை; சி1 வகைக்கு அதில் பாதிதான்.

ஒரு துளியில் நொடிப்பொழுதில் ஒட்டும் பசை உடையும் தன்மை கொண்டது, ஈரத்தில் வலுவிழக்கும். சோப்புத் தட்டை அதில் ஒட்டினால் விழும். தச்சு வேலை வெள்ளைப் பசை தண்ணீர் குடித்து ஊதி, மறுபடி வெள்ளையாகக் குழையும். இரண்டைப் பிசைந்து ஒட்டும் எபாக்சி இவற்றைவிட எவ்வளவோ மேல். அதுவும் சில சதவீதம் தண்ணீரை உறிஞ்சி மெதுவாக இளகும். காய்ந்தால் இறுக்கம் ஓரளவு திரும்பும், பரப்பில் விட்ட பிடி திரும்பாது. அதோடு அது வளையாது. இரண்டு சுவர் சேரும் மூலையில் எபாக்சி போட்டால் கட்டட அசைவில் விரியும். மூலைக்குச் சிலிகான், டைல்ஸ் நடுவே உள்ள இடுக்குக்கு எபாக்சி கிரவுட்.

10. பிறகு

ஆசிட் நிறுத்திவிடுங்கள். சோப்புத் தூளும் மென்மையான பிரஷும் போதும். குளித்து முடித்ததும் வைப்பரால் ஒரு முறை தள்ளி, கதவைத் திறந்து வையுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை கைவிளக்கை ஓரத்தோடு ஒட்டிப் பிடித்து, விரல் நகத்தால் கோட்டின் விளிம்பை மெல்ல நெம்பிப் பாருங்கள். ஓர் அங்குலம் தூக்கினால் அந்த இடத்தில் மட்டும் இருபுறமும் இரண்டு அங்குலம் கூடுதலாக வெட்டி எடுத்து, காயவிட்டு, பூசலாம். பூசிய தேதியையும் டியூபின் தொகுதி எண்ணையும் ஒரு சீட்டில் எழுதி, பில்லோடு சேர்த்து மின்மீட்டர் பெட்டியின் உள்கதவில் ஒட்டியிருக்கிறேன்.

கீழ்வீட்டுச் சுவருக்கு அவசரப்பட்டுப் பெயின்ட் அடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். கசிவு நின்ற பிறகும் அது உலர எங்களுக்கு இரண்டரை மாதம் ஆனது. உதிர்ந்த பூச்சைச் சுரண்டி, உப்புப் பூத்ததைத் துடைத்து, முழுக்க வெளுத்த பிறகு பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தோம். அந்தச் செலவு 2,800 ரூபாயை நாங்களே கொடுத்தோம்.